பொருந்தாத ரேமும் வீணாகும் பணமும்

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய ஒலிநாடாக்கள் இருக்கின்றனவா? தொலைபேசியில் பேசுவது பெருஞ்செலவாயிருந்த 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும், வளைகுடா நாடுகளில் பாடுபட்ட நம்மவர்கள் பலர் கடிதத்தோடு கேசட்டிலும் பேசி அனுப்பினார்கள். ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்பிய அந்தக் கேசட்டைச் சுற்றிக் குடும்பமே அமர்ந்து கேட்கும். பேசியவர்களில் பலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்களுடைய குரல் மட்டும் இருக்கிறது.

தென்காசி மாவட்டம் திருவேங்கடத்திலுள்ள எங்கள் வீட்டிலும் வாப்பாவின் குரல் அப்படித்தான் எஞ்சியிருந்தது. நாடாவில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியதும் அவற்றைக் கணினியில் ஏற்றினோம். வீட்டுப் பத்திரங்களின் நகல்கள், நிக்காஹ் படங்கள், பிள்ளைகள் குர்ஆன் ஓதி முடித்த நாளின் காட்சிகள் எல்லாம் கூடவே சேர்ந்தன. ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட மேசைக் கணினியை வாங்கி, அதில் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பொருத்தி, அதையே வீட்டுச் சர்வராக்கினோம். வெளிநாட்டில் இருக்கும் அண்ணனும் மதுரையில் கட்டிக்கொடுத்த தங்கையும் தத்தம் கைப்பேசியிலிருந்தே அவற்றைப் பார்த்தார்கள். இணையச் சேமிப்புக்கு மாதந்தோறும் கட்டிவந்த வாடகையும் மிச்சமாயிற்று.

படங்கள் பெருகப் பெருகச் சர்வர் மந்தமாயிற்று. ரேமைக் கூட்டிவிடலாம் என்று எண்ணினேன். மலிவாகக் கிடைக்கிறதே என்று 16 ஜிபி அட்டைகள் இரண்டை அஞ்சலில் வரவழைத்தேன். அட்டை ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்தது. கணினியோ உயிர் பெறவில்லை. பெரிய சர்வர்களுக்கென்றே செய்யப்பட்ட வேறு வகை அட்டை அது. காரணம் புரிவதற்குள் திருப்பியனுப்பும் நாளும் கடந்துவிட்டது.

இரண்டாம் முறை ஒரு கடையில் பழைய அட்டை வாங்கினேன். கணினி இயங்கியது. ஆனால் அதன் பிறகு புதிய டிஸ்க்குக்கு மாற்றிய ஒலிப்பதிவுகளில் சில, பாதியிலேயே கரகரத்து நின்றன. அட்டையில் பழுது இருந்திருக்கிறது. பழைய டிஸ்க்கை அழிக்காமல் வைத்திருந்ததால் வாப்பாவின் குரல் பிழைத்தது, அல்ஹம்துலில்லாஹ்! அழித்திருந்தால் எந்தப் பணத்தைக் கொடுத்து அதைத் திரும்ப வாங்க முடியும்?

இந்த இரு தவறுகளும் உங்களுக்கு நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நம் ஊர் போன்ற சிற்றூர்களில் ஒரு பொருளை மாற்றி வாங்கச் சங்கரன்கோவிலுக்கோ கோவில்பட்டிக்கோ பேருந்து ஏற வேண்டும்; அங்கும் இல்லையென்றால் மதுரைக்குப் போக வேண்டும். ஆகவே முதல் முறையே சரியாக வாங்குவதுதான் உண்மையான சிக்கனம்.

விலை ஏன் ஏறியது?

சில ஆண்டுகளுக்கு முன்பு ரேம் மலிவான சரக்காக இருந்தது. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. உலகில் உற்பத்தியாகும் ரேம் சில்லுகளில் மிகப் பெரும் பகுதியைச் செய்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே. செயற்கை நுண்ணறிவுக்கான மாபெரும் கணினி மையங்கள் உயர்வகை நினைவகத்தை அள்ளிக்கொண்டு போகவே, இந்நிறுவனங்கள் தம் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பின. பழைய தலைமுறையான டிடிஆர்4 ரேமின் உற்பத்தியும் குறைக்கப்பட்டது. வீட்டுப் பயனாளர்களுக்கு ‘குரூஷியல்’ என்னும் பெயரில் ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த வணிகத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.

எங்கோ அமெரிக்காவில் எழும் கணினி மையத்தின் சுமை, திருவேங்கடத்தில் ஒரு குடும்பத்தின் மாதச் செலவிலும் விழுகிறது. இந்நிலையில் தவறான அட்டையை வாங்குவது முன்பைவிடக் கூடுதல் நட்டமாகும்.

குறை ரேமில்தானா?

வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். சர்வர் மந்தமாக இருப்பதற்கு ஹார்ட் டிஸ்க்கின் தேய்மானமோ வைஃபையின் பலவீனமோ காரணமாக இருக்கலாம். லினக்ஸில் இயங்கும் சர்வரானால் ‘ஃப்ரீ’ என்னும் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். அதில் ‘ஃப்ரீ’ என்ற தலைப்பின் கீழ் சிறிய எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமை, அண்மையில் படித்த கோப்புகளை வைத்துக்கொள்ள லினக்ஸ் பயன்படுத்திக்கொள்ளும், தேவைப்பட்டவுடன் விட்டுக்கொடுக்கும். ‘அவைலபிள்’ என்ற தலைப்பின் கீழுள்ள எண்ணே பார்க்கத்தக்கது. வேலை மிகுந்த நேரத்திலும் அது தாராளமாக இருந்தால் உங்களுக்கு ரேம் தேவையில்லை. அது மிகவும் சுருங்கி, ‘ஸ்வாப்’ எண் ஏறிக்கொண்டே போனால், ரேம் போதாமல் டிஸ்க்கைத் துணைக்கு அழைக்கிறது என்று பொருள்.

எவ்வளவு போதும்? கோப்புகளைச் சேமித்து வீட்டாருக்குப் பகிர்வதோடு சரியென்றால் 4 ஜிபியே பெரும்பாலும் போதும். படங்களில் முகங்களை அடையாளம் கண்டு வகைப்படுத்தும் மென்பொருளும் ஓடுவதென்றால் 8 ஜிபி வேண்டும். சேமிப்புக்கென்றே உருவான ட்ரூநாஸ் போன்ற இயங்குதளமும் குறைந்தது 8 ஜிபி கேட்கிறது. இவை பலவும் ஒருசேர ஓடும் வீட்டிற்கு 16 ஜிபி தாராளம். அண்டை வீட்டார் 64 ஜிபி போட்டிருக்கிறார் என்பதற்காக நாமும் போடுவது வீண் விரயமே. செலவில் கஞ்சத்தனமும் இல்லாமல் விரயமும் இல்லாமல் நடுநிலையாக நடக்கும்படி நம் மார்க்கம் கற்பித்திருக்கிறது. கணினிச் செலவும் அதற்கு விலக்கன்று.

பார்க்க வேண்டிய பொருத்தங்கள்

நிக்காஹ் பேசும்போது ‘குஃப்வு’ பார்க்கிறோம். பணம் மட்டும் பார்த்தால் போதாது, இரு குடும்பமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்கிறோம். ரேமுக்கும் கணினிக்கும் இடையிலும் அப்படிச் சில பொருத்தங்கள் உண்டு.

முதலாவது, தலைமுறை. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய மூன்றும் இன்று வீடுகளில் புழங்குகின்றன. மேசைக் கணினியின் டிடிஆர்3 அட்டையில் 240 ஊசிகள். மற்ற இரண்டிலும் 288. அட்டையின் அடியில் உள்ள வெட்டு, ஒவ்வொரு தலைமுறையிலும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்3க்கு 1.5 வோல்ட், டிடிஆர்4க்கு 1.2, டிடிஆர்5க்கு 1.1. ஆகவே ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க இயலாது. அழுத்தித் திணிக்கவும் முயலாதீர்கள். டிடிஆர்3லேயே 1.35 வோல்ட்டில் இயங்கும் ‘டிடிஆர்3எல்’ என்றொரு வகை உண்டு. அது 1.5 வோல்ட் கணினியிலும் வேலை செய்யும், ஆனால் 1.35 வோல்ட்டே கொடுக்கும் கணினியில் சாதாரண டிடிஆர்3 அட்டையை நம்பிப் போடலாகாது.

இரண்டாவது, அளவு. மேசைக் கணினிக்கு நீண்ட அட்டை. மடிக்கணினிக்கும் கையடக்கமான மினி கணினிகளுக்கும் ‘சோடிம்’ எனப்படும் குட்டை அட்டை. கழித்துப்போட்ட அலுவலகக் கணினிகளில் மிகச் சிறிய பெட்டிகளாக வருபவை பெரும்பாலும் குட்டை அட்டையையே ஏற்கும். பெட்டியைத் திறந்து கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது, வகை. நான் ஏமாந்தது இங்கேதான். வீட்டுக் கணினிகள் ஏற்பது ‘அன்பஃபர்டு’ எனப்படும் யுடிம் வகையை. பெரிய சர்வர்கள் ஏற்பது ‘ரெஜிஸ்டர்டு’ எனப்படும் ஆர்டிம் வகையை. ஒரே சர்வரில் ஏராளமான ரேம் அட்டைகளைத் தாங்குவதற்காக இவ்வகை அட்டையில் இடையே ஒரு தனிச் சில்லு நின்று சமிக்ஞைகளை வாங்கிக் கொடுக்கும். வீட்டு மதர்போர்டுக்கு அந்த முறை தெரியாது. டிடிஆர்4 வரையில் இரண்டு வகைக்கும் வெட்டு ஒரே இடத்தில்தான் இருக்கும், ஸ்லாட்டில் உட்கார்ந்துவிடும், கணினி மட்டும் எழாது. பெருநிறுவனங்கள் கழிக்கும் ஆர்டிம் அட்டைகள் சந்தையில் மிக மலிவாக வந்து குவிவதால், மலிவு என்ற சொல்லே உங்களை எச்சரிக்க வேண்டும்.

இதை அறிய அட்டையின் மேலுள்ள சீட்டைப் படியுங்கள். ‘பிசி4-2400டி’ என்பது போன்ற எழுத்துகளை அடுத்து ஒரு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் வரும். அந்த எழுத்து ‘யு’ என்றால் வீட்டுக் கணினிக்குரியது. ‘எஸ்’ என்றால் குட்டை அட்டை. ‘ஈ’ என்றால் பிழை திருத்தும் யுடிம். ‘ஆர்’ அல்லது ‘எல்’ என்றால் பெரிய சர்வருக்குரியது. அஞ்சலில் வாங்குவோர் இந்தச் சீட்டின் தெளிவான படத்தை அனுப்பும்படி விற்பவரிடம் கேட்டுப் பெற வேண்டும்.

நான்காவது, கொள்ளளவின் எல்லை. ஒவ்வொரு கணினிக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. சான்றாக, இன்டெல் நான்காம் தலைமுறைச் செயலி பொருத்திய மேசைக் கணினி, ஒரு ஸ்லாட்டில் 8 ஜிபிக்கு மேல் ஏற்காது. இரண்டு ஸ்லாட் இருந்தால் 16 ஜிபியே எல்லை. அதில் 16 ஜிபி அட்டையைப் போட்டால் பயனில்லை. உங்கள் கணினியின் மாதிரிப் பெயரைக் கொண்டு தயாரிப்பாளரின் கையேட்டைத் தேடுங்கள். ஏற்கும் வகையும் உச்சவரம்பும் அதில் அச்சிடப்பட்டிருக்கும். லினக்ஸில் ‘டிஎம்ஐடிகோட்’ என்னும் கட்டளை, எத்தனை ஸ்லாட் உண்டு, இப்போது எந்த அட்டை இருக்கிறது என்பதைப் பெட்டியைத் திறக்காமலே சொல்லும். ஆனால் உச்சவரம்பைப் பற்றி அது தரும் எண் சில கணினிகளில் தவறாக இருப்பதுண்டு. அவ்விஷயத்தில் கையேட்டையே நம்புங்கள்.

ஐந்தாவது, வேகம். பலரும் தேவையின்றிப் பணத்தை இழப்பது இதில்தான். 3200 வேகமுள்ள அட்டையை 2400 வரையே ஏற்கும் கணினியில் போட்டால், அது 2400 வேகத்தில்தான் ஓடும். வெவ்வேறு வேகமுள்ள இரு அட்டைகளைச் சேர்த்துப் போட்டால் இரண்டும் மெதுவான அட்டையின் வேகத்திலேயே செல்லும். விளையாட்டுப் பிரியர்களுக்காக விற்கப்படும் பளபளப்பான அதிவேக அட்டைகளால் வீட்டுச் சர்வருக்கு ஒரு நன்மையும் இல்லை. அந்த அதிவேக அமைப்பை இயக்காமல் விடுவதே இரவும் பகலும் ஓடும் கணினிக்கு ஏற்றது.

இன்னும் ஒரு சிக்கனம் உண்டு. ஏற்கெனவே ஒரு 4 ஜிபி அட்டை இருந்து இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால், பழையதைத் தூக்கியெறியாமல் அதனோடு ஒன்றைச் சேர்க்கலாம். ஒரே அளவான இரண்டு அட்டைகள் சோடியாக இருப்பது வேகத்திற்கு நல்லது. ஆனால் கோப்புகளைக் காக்கும் சர்வரில் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

பின்னால் நிற்கும் ஹாஃபிழ்

ரமளானில் தராவீஹ் தொழுகையைக் கவனித்திருப்பீர்கள். முன்னே நின்று ஓதும் ஹாஃபிழ் எங்கேனும் ஒரு சொல்லைத் தவறவிட்டால், பின் வரிசையில் நிற்கும் இன்னொரு ஹாஃபிழ் உடனே எடுத்துக்கொடுப்பார். ‘ஈசிசி’ என்னும் பிழை திருத்தும் ரேம் செய்வதும் ஏறக்குறைய இதுதான். சாதாரண ரேம் 64 பிட் தகவலை மட்டும் வைத்திருக்கும். ஈசிசி ரேம் அதனுடன் குறைந்தது 8 சரிபார்ப்புப் பிட்டுகளையும் வைத்திருக்கும். ஒரு பிட் புரண்டால் தானே திருத்திவிடும். இரண்டு புரண்டால் தவறு நேர்ந்ததென்று அறிவிக்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹேமிங் 1950இல் வெளியிட்ட கணித முறையே இதற்கு அடிப்படை.

பிட் புரள்வது கற்பனையன்று. 2003 மே மாதம் நடந்த பெல்ஜியம் நாட்டுத் தேர்தலில், ஸ்கார்பேக் என்னும் நகரில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாகப் பதிவாயின. கிடைக்கக்கூடிய வாக்குகளையும் மிஞ்சிய எண்ணிக்கை வந்ததால்தான் தவறு வெளிப்பட்டது. இரண்டைப் பன்னிரண்டு முறை அடுக்கிப் பெருக்கினால் வருவது 4096. கணினியின் நினைவில் ஒரே ஒரு பிட் தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்பதே வல்லுநர்களின் முடிவு. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடர் கூகுள் நிறுவனத்தாருடன் சேர்ந்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அந்நிறுவனத்தின் கணினிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஓராண்டில் ஒரு முறையேனும் ரேம் பிழையைச் சந்தித்ததாக அது காட்டியது.

அப்படியானால் எல்லாரும் ஈசிசி வாங்க வேண்டுமா? மதர்போர்டு, செயலி இரண்டும் அதை ஆதரித்தால் மட்டுமே வாங்கலாம். கழித்த அலுவலகக் கணினிகளில் பெரும்பாலானவை ஆதரிப்பதில்லை. ஆதரிக்காத கணினியில் ஈசிசி யுடிம் அட்டை இயங்கினாலும் பிழையைத் திருத்தாது. ஹாஃபிழ் நிற்பார், ஆனால் வாய் திறக்க மாட்டார். டிடிஆர்5 அட்டைகள் எல்லாவற்றிலும் சில்லுக்குள்ளேயே ஒரு திருத்தும் வசதி இருப்பதைச் சொல்லி ‘இது ஈசிசிதான்’ என்று விற்பவர்களும் உண்டு. அது சில்லுக்குள் நேரும் பிழைக்கு மட்டுமே. முழுமையான ஈசிசி ஆகாது.

மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். கையிலிருக்கும் பணம் ஒன்றுக்கே போதுமென்றால், ஈசிசிக்குச் செலவிடாமல் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் வாங்கி, எல்லாவற்றையும் அதில் நகலெடுத்து, உறவினர் வீட்டில் வைத்துவிடுங்கள். என் வாப்பாவின் குரலைக் காத்தது ரேம் அன்று; அழிக்கப்படாத ஒரு நகல்.

பழையதை வாங்குவோரும் விற்போரும்

விலை ஏறிய காலத்தில் பழைய அட்டை வாங்குவதில் இழிவில்லை. ரேமில் அசையும் பாகங்கள் இல்லாததால், நல்ல அட்டை பல்லாண்டு உழைக்கும். ஆனால் வெளித்தோற்றத்தைப் பார்த்துப் பழுதைக் கண்டறிய முடியாது. ஆகவே குறைந்தது ஒரு வாரத் திரும்பப் பெறும் உறுதியை இரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

பெருமானார் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்ததும், உள்ளே ஈரம் தட்டியதும், நனைந்த தானியத்தை அடியில் மறைத்த வணிகரைக் கண்டித்ததும் நாம் அறிந்த செய்திகள். ரேம் விற்கும் நம் சகோதரர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பழுது தெரிந்தும் சொல்லாமல் விற்பது, ஈரத்தை அடியில் மறைப்பதற்கு ஒப்பாகும். சோதித்துப் பார்க்காமல் ‘நன்றாக ஓடும்’ என்று உறுதி கூறுவதும் முறையன்று. வாங்குபவரும் கையை உள்ளே விட்டுப் பார்க்கத்தான் வேண்டும். அதற்கான வழி அடுத்து வருகிறது.

சோதித்த பின்பே ஒப்படையுங்கள்

கணினியை நிறுத்தி, மின்கம்பியை உருவிய பிறகே திறக்க வேண்டும். உடலில் தங்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கும். எனவே பெட்டியின் உலோகப் பகுதியை முதலில் தொட்டுவிட்டு, அட்டையை அதன் ஓரங்களில் பிடியுங்கள். வெட்டைச் சரியாக நேர்ப்படுத்தி, இரு முனைகளையும் ‘டக்’ என்ற ஒலி கேட்கும்வரை சமமாக அழுத்துங்கள். டிடிஆர்5 கணினியானால் முதல்முறை எழச் சில நிமிடங்கள் ஆகலாம், பதறி நிறுத்திவிடாதீர்கள்.

எழுந்தவுடன் கோப்புகளைத் தொட வேண்டாம். ‘மெம்டெஸ்ட்86+’ என்னும் இலவச மென்பொருளை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் துவக்கி, ஓர் இரவு முழுவதும் ஓட விடுங்கள். ரேமின் ஒவ்வோர் இடத்திலும் எழுதிப் படித்து அது ஒப்பிட்டுப் பார்க்கும். மின்வெட்டு நேரும் ஊரானால் யுபிஎஸ் இணைப்பில் வைத்து ஓட்டுங்கள். காலையில் பிழைகளின் எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்து, பழுதான அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ‘ஒன்றுதானே’ என்று விட்டுவிட்டால், அந்த ஒன்று எந்தப் படத்தில், எந்தப் பத்திரத்தில் போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் இந்த ஓர் இரவைச் செலவிட்டிருந்தால் வாப்பாவின் பதிவுகள் கரகரத்திருக்க மாட்டா.

கழற்றிய பழைய அட்டைகளையும் பத்திரமாக வையுங்கள். பின்னொரு நாள் புதியதில் ஐயம் வந்தால் மாற்றிப் பார்க்க உதவும். தேவையில்லை என்று உறுதியானால், கணினி பழகும் மாணவர் ஒருவருக்கு அன்பளிப்பாகக் கொடுங்கள்.

வாசகர்களே, ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியின் மாதிரிப் பெயர், தலைமுறை, அட்டையின் அளவு, வகை, ஸ்லாட்டுகளின் எண்ணிக்கை, உச்சவரம்பு, ஏற்கும் வேகம் ஆகியவற்றை எழுதுங்கள். அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள். தாளில் உள்ளதற்குப் பொருந்தாத எதையும், அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், கையால் தொடாதீர்கள்.

நம் முன்னோரின் குரலும் எழுத்தும் நம்மிடம் உள்ள அமானிதம். எங்கள் வீட்டில் இப்போது 8 ஜிபி அட்டைகள் இரண்டு சோதனையில் தேறி ஓடிக்கொண்டிருக்கின்றன. பெருநாளன்று இரவு உம்மா கேட்டுக்கொண்டதால் அந்தப் பதிவுகளில் ஒன்றைப் போட்டோம். ‘பிள்ளைகளை ஓதப்போட்டாயா?’ என்று வாப்பா கேட்டார்கள். குரலில் ஒரு கரகரப்பும் இல்லை.